ஈரக் காற்றும் என் ஐபீஸ் டப்பாவும்

சென்னை மாதிரி கடலோர ஊரில் ஐபீஸ் (தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும், கழற்றி மாற்றக்கூடிய சிறு லென்ஸ் குழல்) வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது அவற்றை டார்ச் அடித்துப் பார்த்துவிட வேண்டும். சும்மா கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, பாரல், அதாவது தொலைநோக்கிக்குள் நுழையும் குழாய், பக்கமிருந்து வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, கண் வைக்கும் பக்கமிருந்து பார்க்க வேண்டும். தூசி என்றால் புள்ளி புள்ளியாக மின்னும். பூசணம் என்றால் ஓரத்திலிருந்து உள்நோக்கி நூல் நூலாகக் கிளை விட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பார்த்தபோது என் 25 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸில் அந்த நூல் இருந்தது. மற்றவை தப்பித்திருந்தன.

சரி, ஒன்றைத் திறக்கிற கையோடு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, துடைக்க வேண்டியதைத் துடைத்து, அளக்க வேண்டியதை அளந்து, ஒழுங்கான டப்பா ஒன்றில் அடுக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் கையிருப்பு. தொலைநோக்கி 8 அங்குல டாப்சோனியன், ஆடி வைத்த, கையால் தள்ளித் திருப்பும் வகை. குவியத்தூரம் 1200 மி.மீ., அதாவது ஆடி விட்டத்தைப் போல் ஆறு மடங்கு, எஃப்/6. அதோடு வந்தவை 25, 10 மி.மீ. பிளாசல்கள். அப்புறம் சேர்ந்தவை ஒரு 32 மி.மீ. பிளாசல், பழையதாக வாங்கிய ஆர்த்தோஸ்கோபிக் வகை 12.5 மி.மீ. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம் 66 டிகிரி என்று பல பிராண்டு பெயர்களில் விற்கிற ஒரே சரக்கில் ஒரு 9 மி.மீ., ஐபீஸுக்கு முன்னால் மாட்டி உருப்பெருக்கத்தைக் கூட்டும் ஒரு 2 மடங்கு பார்லோ. இவை எல்லாம் 1.25 அங்குல பாரல். இவை போக, பள்ளி நாளில் வீட்டில் வாங்கித் தந்த 60 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியோடு வந்த 0.965 அங்குலக் குட்டிகள் இரண்டு. ஒன்றில் ஹெச்20 என்றிருக்கும், அது ஹைகன்ஸ் வகை. இன்னொன்றில் எஸ்ஆர்4, அது ராம்ஸ்டன் வகை.

அந்த எஸ்ஆர்4 மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு. 700 மி.மீ. குவியத்தூரத்தில் அந்த 4 மி.மீ.யைப் போட்டால், 700-ஐ 4-ஆல் வகுத்து, 175 மடங்கு. அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டு விற்பதற்கு வசதியான எண். ஆனால் 60 மி.மீ. வில்லையின் ஒளி 175 மடங்கில் கண்ணுக்கு வந்து சேரும்போது கற்றையின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான். வியாழன் கலங்கிய சாம்பல் வட்டமாகத் தெரியும், அதுவும் இமை கண்ணாடியில் உரசுகிற அளவு நெருங்கினால். எத்தனை பிள்ளைகளுக்கு வானம் பார்க்கும் ஆசை அந்த ஒரு ஐபீஸோடு போயிருக்குமோ.

பூசண வேலைக்கு வருவோம். பிளாசலைத் திறக்கப் பயப்படத் தேவையில்லை. வியன்னாவில் பிளாசல் என்ற கருவி செய்பவர் 1860-இல் அமைத்த வடிவம் அது. ஒட்டிய இரட்டை வில்லைகள் இரண்டு, அதிகம் புடைத்த முகங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி, நடுவில் இடைவெளிக்கு ஒரு வளையம், கீழே எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள மரை போட்ட இன்னொரு வளையம். அவ்வளவுதான் சாமான். 66 டிகிரி, 82 டிகிரி வகைகளை இப்படி நினைத்துத் திறக்கக்கூடாது. அவற்றுக்குள் ஆறு, ஏழு வில்லைகள் இருக்கும். வரிசையும் இடைவெளியும் குழம்பினால் வீட்டில் வைத்துச் சரிசெய்ய முடியாது.

குரோம் பாரல் கையால் திருகினாலே கழன்றது. உள்ளே பிடிப்பு வளையத்தில் எதிரெதிராக இரண்டு வெட்டுகள். அதற்கென்று ஸ்பேனர் விற்கிறார்கள். நான் பழைய ஸ்டீல் ஸ்கேல் ஒன்றை வளையத்தின் அகலத்துக்கு அறுத்து, கண்ணாடியைத் தொடாதபடி நடுப்பகுதியை அரத்தால் அரைவட்டமாக ராவிக்கொண்டேன். இரண்டு முனை மட்டும் வெட்டில் உட்காரும். அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருப்பினால் வளையம் இளகிவிடுகிறது. பிறகு ஐபீஸின் வாயில் மடித்த பருத்தித் துணியை வைத்து அப்படியே கவிழ்த்து, உடலை மட்டும் மேலே தூக்க வேண்டும். வில்லை, வளையம், வில்லை என்று மூன்றும் துணிமேல் அடுக்காக நிற்கும். இந்த இடத்தில் அவசரப்படாமல் ஒவ்வொரு வில்லையின் விளிம்பிலும் கண் பக்கம் எது என்று பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுவிட வேண்டும். சமச்சீர் பிளாசலில் இரண்டு வில்லைகளும் ஒன்றுபோலவே இருக்கும். இடம் மாறினால் பாதகமில்லை, முகம் மாறினால்தான் வம்பு.

பூசணம் இருந்தது உட்பக்கத்து முகம் ஒன்றில். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடைப் பஞ்சில் தொட்டு அந்த முகத்தில் மட்டும் சிறிது நேரம் ஊறவிட்டேன். வில்லையை முழுக்க முக்கக்கூடாது. இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை விளிம்பில் திறந்திருக்கிறது. பிறகு பேட்டரிக்கு ஊற்றும் சுத்திகரித்த தண்ணீர், கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பஞ்சை அழுத்தித் தேய்க்காமல், ஒரு தடவை இழுத்ததும் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். நூல்கள் போய்விட்டன. ஆனால் சாய்வான வெளிச்சத்தில் அவை ஓடிய தடம் மேல்பூச்சில் மங்கலாக இன்னும் தெரிகிறது. பூசணம் வெளிவிடும் அமிலம் பூச்சை அரித்த இடம் அது, துடைத்தால் போகாது. நட்சத்திரம் பார்க்கும்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நிலாவில் மட்டும், மனசுக்குத் தெரிந்ததால், கொஞ்சம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

எந்த முகம் அழுக்கானால் பிரச்சினை என்பதும் வகைக்கு வகை மாறும். பிம்பம் விழும் தளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடியில் தூசி இருந்தால் அது நிலாவின் மேல் கறுப்புப் புள்ளியாகத் தெளிவாகவே தெரியும். பழைய ராம்ஸ்டனில் கீழ் வில்லை கிட்டத்தட்ட அந்தத் தளத்திலேயே உட்கார்ந்திருப்பதால் அதில் எப்போதும் குப்பைதான். பிளாசலில் கொஞ்சம் தள்ளியிருப்பதால் பரவாயில்லை.

மீண்டும் மாட்டும்போது வளையத்தை இறுக்கி முறுக்கவில்லை. குலுக்கினால் கடகடக்கக்கூடாது, அது போதும்.

இப்போது டப்பா. லென்ஸ் பூசணம் வளர ஈரப்பதம் 60, 70 சதவீதத்துக்கு மேல் நீடித்து இருக்க வேண்டும். சென்னையில் மழைக்காலத்தில் 80-ஐத் தாண்டுவது சாதாரணம், அதனால் அலமாரியில் சும்மா வைப்பது அதை வளர்ப்பதற்குச் சமம். தோல் உறையும் துணிப் பையும் இன்னும் மோசம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் எடுத்துக்கொண்டது சமையலறைச் சாமான் கடையில் கிடைக்கும், நான்கு பக்கமும் கிளிப் வைத்து மூடியில் சிலிக்கோன் ரப்பர் ஓடுகிற பிளாஸ்டிக் டப்பா. கடைக்காரர், “மாவு வைக்கவா சார், ரெண்டு கிலோ புடிக்கும்” என்றார். ஐபீஸ் நிற்கும் உயரம் வேண்டும் என்று ஸ்கேலால் அளந்ததை விநோதமாகப் பார்த்தார்.

உள்ளே வைக்கும் ஃபோம் பற்றி ஒரு வார்த்தை. மெத்தையில் வரும் மஞ்சள் ஸ்பாஞ்ச் வேண்டாம். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் சில வருடத்தில் பொடிந்து பிசுபிசுப்பாகிவிடும், அந்தப் பொடி நேராக லென்ஸில் போய் ஒட்டும். பேக்கிங்கில் வரும் கெட்டியான வெள்ளை ஃபோம் ஷீட்டை மூன்றடுக்காக வைத்தேன். ஓட்டை போட 32 மி.மீ. பிவிசி குழாயில் ஒரு சாண் துண்டு எடுத்து, விளிம்பை உட்பக்கமாகச் சரித்துத் தீட்டினேன். அப்போது வெட்டும் முனை குழாயின் வெளி விட்டத்தில் அமையும். 1.25 அங்குலம் என்பது 31.75 மி.மீ., ஆகையால் ஓட்டை கச்சிதம். குழாயை அழுத்தித் திருகினால் ஃபோம் வட்டமாகக் கழன்று வருகிறது. பாரலைக் கீழே விட்டு நிறுத்தினால், ஐபீஸைத் தூக்கும்போது கை கண்ணாடியில் படாமல் உடலைப் பிடிக்கும்.

ஒரு மூலையில் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், வலைத்துணியில் கட்டியது. இன்னொரு மூலையில் பொத்தான் அளவு டிஜிட்டல் ஈரமானி. ஆரஞ்சு பச்சையானதும் ஓடிஜி அவனில் 110, 120 டிகிரியில் வைத்து எடுத்தால் மறுபடி ஆரஞ்சாகிறது. அதற்கு மேல் சூடாக்கினால் மணிகள் கெட்டுவிடும். கடைகளில் நீல நிறத்தில் விற்பதில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் சமையலறை அவனில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஈரமானி 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. 55 தாண்டினால் மணியைக் காய வைக்கும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்துருண்டையோ கற்பூரமோ போடலாமே என்று வீட்டில் யோசனை சொன்னார்கள். கூடாது. ஆவியாகிற எதுவும் மூடிய டப்பாவில் கண்ணாடிமேல்தான் படியும்.

டப்பாவை விட முக்கியமானது, அதற்குள் வைக்கும் முன் நடப்பது. மொட்டை மாடியில் நடுராத்திரிக்கு மேல் பார்த்தால் ஐபீஸில் பனி பூத்திருக்கும். கண் ஈரமும் இமை எண்ணெயும் சேர்ந்திருக்கும். அந்த நிலையில் மூடி போட்டு டப்பாவில் வைத்தால் நாமே ஈரத்தை உள்ளே அடைக்கிறோம். நான் இப்போதெல்லாம் இரண்டு பக்க மூடியும் இல்லாமல், மின்விசிறிக்கு நேரே வைக்காமல், மேசையில் ஒரு மெல்லிய துணியின் கீழ் காலை வரை விட்டுவிடுகிறேன். ஏசி அறையில் டப்பாவை வைப்பவர்கள் மாடிக்குப் போய் அரைமணி நேரமாவது டப்பாவைத் திறக்காமல் இருக்க வேண்டும். குளிர்ந்த கண்ணாடி ஈரக் காற்றைப் பார்த்ததும் வேர்த்துவிடும்.

இருட்டில் எது எது என்று தெரிய, பிளம்பிங் கடையில் வாங்கிய ஓ-ரிங்குகளை ஐபீஸ் உடலில் மாட்டினேன். 32-க்கு ஒன்றுமில்லை, 25-க்கு ஒன்று, 12.5-க்கு இரண்டு, 9-க்கு மூன்று. சிவப்பு விளக்குகூட வேண்டாம், விரலே சொல்லிவிடும்.

அளப்பதுதான் எனக்கு இதில் பிடித்த பகுதி. ஐபீஸ் மேல் எழுதியிருக்கும் மி.மீ. உருப்பெருக்கத்தைச் சொல்கிறது. வானத்தில் எவ்வளவு அகலம் தெரியும் என்பதை அது சொல்வதில்லை. அதைத் தீர்மானிப்பது பாரலுக்குள் இருக்கும் ஃபீல்டு ஸ்டாப் என்ற கூர்விளிம்பு வளையம். நாம் பார்க்கும் வட்டத்தின் கறுப்பு ஓரம் அதுதான். அதன் விட்டத்தைத் தொலைநோக்கியின் குவியத்தூரத்தால் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால் உண்மையான பார்வைப் புலம் டிகிரியில் கிடைத்துவிடும்.

பிளாசல்களில் வெர்னியர் அளவியின் உள் தாடைகளை விட்டு அளக்கலாம். 25-இல் 21.5 மி.மீ. வந்தது. கணக்குப்படி 1.03 டிகிரி. 32-இல் 27 மி.மீ., 1.29 டிகிரி. 1.25 அங்குல பாரலுக்குள் இதைவிடப் பெரிய வளையம் வைக்க இடமே இல்லை. 40 மி.மீ. பிளாசல் வாங்கினால் உருப்பெருக்கம் குறையுமே தவிர வானம் கூடத் தெரியாது என்பதற்கு இதுதான் காரணம். அகலம் வேண்டுமென்றால் 2 அங்குலத்துக்குப் போயாக வேண்டும். அங்கே 46 மி.மீ. வரை இடமுண்டு.

66 டிகிரி 9 மி.மீ.யில் வெர்னியர் உதவாது. பாரலுக்குள் முதலில் ஒரு குழிவில்லைக் கூட்டம் இருக்கும், ஃபீல்டு ஸ்டாப் அதற்கும் உள்ளே. இந்த வகைக்கு வானத்தையே அளவுகோலாக வைக்க வேண்டியதுதான். வான நடுக்கோட்டில் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் போகும் கோடு) இருக்கும் நட்சத்திரம் நிமிடத்துக்கு 15 கலை நகரும்; 60 கலை ஒரு டிகிரி. ஓரியனின் இடுப்புப் பட்டையில் மேற்கோரத்து நட்சத்திரமான மிண்டாகா நடுக்கோட்டிலிருந்து அரை டிகிரிகூட விலகாதது. தொலைநோக்கியை அசையாமல் விட்டு, மிண்டாகா வட்டத்தின் ஒரு ஓரத்தில் தோன்றியதிலிருந்து நடுவழியாகப் போய் மறு ஓரத்தில் மறையும் வரை செல்போன் ஸ்டாப்வாட்சில் நேரம் எடுத்தேன். முதலில் 25 மி.மீ.யில்: 4 நிமிடம் 6 விநாடி. வெர்னியர் சொன்ன 1.03 டிகிரிக்கு அச்சாகப் பொருந்தியது, முறைமேல் நம்பிக்கை வந்தது. அப்புறம் 9 மி.மீ.: 1 நிமிடம் 54 விநாடி. அதாவது 28.5 கலை. 133 மடங்கால் பெருக்கினால் 63 டிகிரி சொச்சம்.

66 என்று போட்டு 63 வருகிறதே, ஏமாற்றா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அகலப் புல ஐபீஸ்களில் ஓரத்தில் பிம்பம் கொஞ்சம் இழுபடும். கண்ணுக்குத் தோன்றும் வட்டம் 66 டிகிரி இருந்தும், அதற்குள் வரும் வானம் சற்றுக் குறைவாக இருக்கலாம். வாங்கும்போது ஒப்பிட வேண்டியது ஃபீல்டு ஸ்டாப் எண்ணை. டெலிவியூ போன்ற சில நிறுவனங்கள் அதைப் பட்டியலிலேயே கொடுத்துவிடுகின்றன.

ஒப்பிடும் வேலைக்கு ஜவ்வாது மலைக்குப் போனோம், பிப்ரவரி அமாவாசையை ஒட்டி. காவலூர் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் அதே மலை. முன்னிரவில் ஓரியன், விடியலுக்கு முன் தெற்கே ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து என்று ஒரே இரவில் இரண்டும் கிடைக்கும் காலம் அது. ஒரே இரவு, ஒரே தொலைநோக்கி, ஒரே பொருள் என்றால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம். நேற்று அந்த ஐபீஸில் பார்த்தேன், இன்று இதில் நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் காற்றின் அசைவைத்தான் ஒப்பிடுகிறது.

முதலில் 25 பிளாசலில் ஓரத்து நட்சத்திரங்கள். நடுவில் புள்ளி, ஓரத்துக்குத் தள்ளினால் வால் முளைக்கிறது. இது ஐபீஸின் குற்றமா தொலைநோக்கி ஆடியின் குற்றமா என்று பிரித்துவிட வேண்டும். வால் எப்போதும் மையத்திலிருந்து வெளிப்புறமாக விசிறி மாதிரி விரிந்தால் அது எஃப்/6 ஆடியின் கோமா. எந்த ஐபீஸ் போட்டாலும் இருக்கும். போகஸை இப்படியும் அப்படியும் திருப்பும்போது கோடு ஒரு பக்கம் படுக்கையாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் மாறினால் அது ஐபீஸின் அஸ்டிக்மாட்டிசம். போகஸைத் திருப்பியதும் ஓரம் தெளிந்து நடு கலங்கினால் தள வளைவு. என் 25-இல் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது, கோமாதான் அதிகம். 9 மி.மீ.யில் ஓரம் வியக்கத்தக்க அளவு சுத்தம். கண்ணைச் சரியான இடத்தில் வைக்காவிட்டால் அவரைக்கொட்டை வடிவில் கறுப்பு நிழல் ஓடுகிறது, பழகிக்கொள்ளலாம்.

வியாழனில்தான் சுவாரசியம். 12.5 ஆர்த்தோவையும் 10 பிளாசலையும் மாற்றி மாற்றிப் போட்டோம். எது எது என்று பார்ப்பவருக்குச் சொல்லவில்லை. உடன் வந்த மூவரில் யாரும் கோளின் பட்டைகளின் தெளிவில் நிச்சயமான வித்தியாசம் சொல்லவில்லை. “ஆர்த்தோ கிரகத்துக்கு ராஜா” என்று நெடுநாளாகக் கேட்டு வந்திருக்கிறேன். நல்ல பூச்சுள்ள பிளாசலுக்கு எதிரில் அந்த ராஜாங்கம் எனக்குத் தெரியவில்லை. வித்தியாசம் சொன்னது கண்ணாடி போட்ட நண்பர்தான். 10 பிளாசலில் கண்ணை வைக்கக் கிடைப்பது 7 மி.மீ. சொச்சம் இடைவெளி. மூக்குக் கண்ணாடியோடு வட்டத்தின் பாதிகூடத் தெரியவில்லை என்றார். 9 மி.மீ.யில் முழுசாகத் தெரிந்தது. தானாக நகராத டாப்சோனியனில் அகலம் என்பது நேரமும்கூட: அந்த 9-இல் கோளைத் தள்ளிவிட்டால் இரண்டு நிமிடம் நிதானமாகப் பார்க்கலாம். அன்றைக்கே 10 பிளாசலின் வேலை முடிந்தது.

குழுவில் மூத்தவர் தன் 2 அங்குல 38 மி.மீ., 70 டிகிரி ஐபீஸை நீட்டினார். “தம்பி, இதுல கார்த்திகையைப் பாருங்க, அப்புறம் பேசுங்க.” உண்மைதான். 2.2 டிகிரி அகலத்தில் கார்த்திகைக் கூட்டம் சுற்று இருட்டோடு முழுசாக நின்றது. என் 32-இல் அந்த இருட்டுக்கு இடமில்லை. ஆனால் கணக்கு ஒன்று உறுத்தியது. 38-ஐ 6-ஆல் வகுத்தால் வெளிவரும் ஒளிக்கற்றை 6.3 மி.மீ. அறுபதைத் தாண்டியவரின் கண்மணி இருட்டில் 5 மி.மீ. திறந்தாலே அதிகம். மீதி ஒளி கருவிழியில் பட்டு வீண். 31.6 மடங்கில் 5 மி.மீ. என்றால் 158 மி.மீ., அவர் கண்ணுக்கு 8 அங்குல ஆடி 6 அங்குலமாகத்தான் வேலை செய்கிறது. சொன்னேன். “அகலம் வேணும்னா அந்த வெளிச்சத்த விட்டுத்தானே ஆகணும்” என்றார். அதுவும் நியாயம்தான்.

நாலு மணி வாக்கில் ஒமேகா சென்டாரி தெற்கே முப்பது டிகிரி உயரத்துக்கு வந்தது. 36 கலை அகலக் கொத்து. 25-இல் வட்டத்துக்குள் அழகாக அமர்ந்தது, 9-இல் வட்டத்தை மீறி வழிந்தது, நடுவரை தனித்தனி நட்சத்திரங்களாகப் பிரிந்தும் விட்டது. 12.5-இன் 96 மடங்கில் இரண்டும் பாதி பாதி. இந்த 25-க்கும் 12.5-க்கும் நடுவில் 15, 16 மி.மீ.யில் அகலமான ஒன்று இருந்தால் என்று எல்லோருக்குமே தோன்றியது. அடுத்து வாங்கினால் அதுதான்.

டப்பாவில் இப்போது நிற்பவை 32, 25, 12.5, 9, பார்லோ. பார்லோவையும் மிண்டாகாவை வைத்து அளந்தேன்: 25-ஓடு 2 நிமிடம் 6 விநாடி. ஆக 2 மடங்கு என்று எழுதியிருப்பது என்னிடம் 1.95. அதன் வில்லைப் பகுதியை மட்டும் கழற்றி நேராக ஐபீஸின் அடியில் திருகினால் தூரம் குறைந்து ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. 25 மி.மீ. கிட்டத்தட்ட 17 போல வேலை செய்வதால், புதிதாக வாங்கும் வரை இது ஓடும். 10 பிளாசல் பக்கத்துத் தெருப் பையனின் தொலைநோக்கிக்குப் போய்விட்டது.

0.965 குட்டிகளில் எஸ்ஆர்4 மேசை டிராயரில் கிடக்கிறது. ஹெச்20-ஐத் தூக்கிப் போடவில்லை. ஹைகன்ஸில் பசை போட்டு ஒட்டிய வில்லை கிடையாது, இரண்டும் தனித்தனி. சூரிய பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைக்கும்போது உள்ளே குவியும் சூட்டில் பிளாசலின் பசை கெடலாம். இதில் கெட ஒன்றுமில்லை. உடல் பிளாஸ்டிக்காக இல்லாமல் உலோகமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 60 மி.மீ. தொலைநோக்கியோடு அதற்குத் தனி டப்பா. ஃபைண்டரை, அதாவது குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியை, கழற்றிவிட்டுத்தான் வெயிலில் வைப்பேன், பிள்ளைகள் யாராவது அதில் கண் வைத்துவிடக் கூடாது.